குறை ஏதும் காணப்படவில்லை

தராசு வாங்கப் போகிறவர்கள் ஒரு துணிப்பையோடு போவார்கள். உலகநாதன் அறுபத்தாறு கிலோ இரும்போடு போனார்.

இருபது கிலோக் கல் மூன்று, ஐந்து கிலோக் கல் ஒன்று, ஒரு கிலோக் கல் ஒன்று. எல்லாம் கோவில்பட்டி முத்திரை ஆபீஸின் எடைக்கற்கள். அந்த வட்டாரத்தில் எந்தக் கடைத் தராசு ஒழுங்கு, எது திருட்டு என்று தீர்ப்புச் சொல்பவை அவைதான். உலகநாதன் அந்த ஆபீஸின் ஆய்வாளர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஊரில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘தராசு சார்’ என்றால் வீட்டுக்கே கொண்டுவந்து விடுவார்கள். சொந்த வேலைக்குப் போகிறோம் என்பதால் அன்றைக்கு அரை நாள் லீவு எழுதிக்கொடுத்து, கற்களை வெளியே எடுத்துப் போவதற்குப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருந்தார். அப்படிப்பட்ட மனிதர்.

கற்களை ஆட்டோவிலிருந்து கடைக்குள் தூக்கிவந்தவர் ஆபீஸ் உதவியாளர் ஜெபராஜ். இவரைவிட இரண்டு வயது மூத்தவர். மூன்றாவது கல்லை இறக்கும்போது கேட்டார்.

“சார், எடை மிஷின் வாங்க வந்தோமா, வீடு கட்ட வந்தோமா?”

“தூக்கும் ஓய். பேச்சு பேசினா கல்லு கனம் குறையாது.”

“கனம் குறையாது. மனசுபாரம் குறையும்லா.”

கடைக்காரப் பெண் ஐந்து மிஷின்களைத் தரையில் வரிசையாக வைத்தாள். எல்லாமே கண்ணாடித் தட்டு, எல்லாமே பேசும். ஏறி நின்றால் உள்ளங்காலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். எண்ணை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். ஆஸ்பத்திரிகள் வீட்டு எடையை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டுத் தராசுகளுக்கும் அரசாங்க முத்திரை கட்டாயமாகியிருந்தது. ஆக, இதுவும் உலகநாதனின் இலாகாதான்.

“நீங்களே ஏறிப் பாருங்க சார்,” என்றாள் அந்தப் பெண்.

“நான் ஏறி என்னம்மா தெரியும்? எனக்கே என் எடை தெரியாமத்தான வந்திருக்கேன்.”

முதல் மிஷினில் அறுபது கிலோவை ஏற்றினார். எழுநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. இரண்டாவது, மூன்று முறை ஏற்றியதற்கு மூன்று எண் காட்டியது. மூன்றாவது இருபதில் சரியாக இருந்து அறுபதில் தடுமாறியது. நான்காவதில் கல்லை நடுவில் வைத்தால் ஒன்று, மூலையில் வைத்தால் இன்னொன்று. ஐந்தாவது ‘துணை’ என்று ஒரு கம்பெனியின் மிஷின். நடுவில் வைத்தார், நான்கு மூலைகளிலும் வைத்தார், பத்து முறை ஏற்றி இறக்கினார். அறுபது என்றால் அறுபது. ஒரு கிலோக் கல்லை மேலே வைத்தால் அறுபத்தொன்று. அவர் முகம் ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இளகியது.

ஜெபராஜ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ‘ஊக்க எண் தொழில்நுட்பம்’னு போட்ருக்கே சார், அது என்னது?”

“விளம்பரம் ஓய். கல்லு ஏத்தினா சரியாக் காட்டுதா, அதைப் பாரும்.”

உண்மையில் ‘துணை’யை அவருக்கு ஏற்கனவே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டயபுரத்திலிருந்து பிரம்மசக்தி என்ற தையல்கார அம்மாள் ஒருத்தி இந்த மிஷின்மேல் புகார் கொடுத்திருந்தாள். உலகநாதன் இதே கற்களோடு அவள் கடைக்குப் போய்ச் சோதித்தார். ஒரு கிராம் பிசகு இல்லை.

“இரும்பை ஏத்தினா சரியாத்தான் சார் காட்டுது. நான் ஏறினாத்தான் பொய் சொல்லுது,” என்றாள் அவள். கழுத்தில் தொங்கிய மஞ்சள் டேப்பை எடுத்துக் காட்டினாள். “என் டேப்பு இடுப்பு ரெண்டு இஞ்சு கூடிருச்சுங்குது. இது மூணு கிலோ கொறைஞ்சிருக்குங்குது. ரெண்டுல ஒண்ணு புளுகுதுல்லா?”

“துணி டேப்பு இழுபடும்மா. ஆளை ஏத்திச் சோதிக்கச் சட்டத்துல இடமில்ல. ஆளு மூச்சு விடும், அசையும், சாப்பிடும். கல்லு அப்படி இல்ல.”

ஆபீஸுக்குத் திரும்பி அவளுக்குப் பதில் எழுதினார். ‘மேற்படி கருவி, அங்கீகரிக்கப்பட்ட எடைக்கற்களைக் கொண்டு நான்கு மூலைகளிலும், நடுவிலும் சோதிக்கப்பட்டதில், குறை ஏதும் காணப்படவில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’ சுருக்கமும் தெளிவுமாக இருக்கிறதென்று தலைமை அலுவலகம் அந்தக் கடிதத்தைப் பாராட்டி எல்லா மாவட்டங்களுக்கும் மாதிரியாக அனுப்பிவைத்தது. சர்வீஸில் அவருக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

அன்றைக்குக் கடையில் ‘துணை’யில் இரண்டு வாங்கினார். ஒன்று தனக்கு. இன்னொன்று சங்கரன்கோவிலில் இருக்கும் தங்கை செண்பகவல்லிக்கு.

*

செண்பகத்துக்கு வயது நாற்பத்துநான்கு. கல்லீரல் சுருங்கிக்கொண்டு வந்தது. உடம்பே தன் கல்லீரலைத் தின்கிற நோய் என்றார்கள். வீட்டுக்காரர் கோபால் பஸ் டிரைவர். அவருடைய ரத்தம் சேரவில்லை. அண்ணன் ரத்தம் சேர்ந்தது. மிஷின் வாங்குவதற்கு முந்தின வாரம், மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் மும்தாஜ் இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார்.

“உங்க கல்லீரல்ல ஒரு பங்கை எடுத்து இவங்களுக்கு வைக்கணும் சார். ஆனா உங்களோடதுல இப்ப கொழுப்பு இருபத்தாறு சதவீதம். பத்துக்குக் கீழ வரணும். இல்லேன்னா வெட்டினதும் உங்களுக்கும் ஆபத்து, வச்சதும் இவங்களுக்கும் ஆபத்து. எண்பத்தெட்டு கிலோ இருக்கீங்க. எழுபத்தேழுக்கு இறங்குங்க. பன்னிரண்டு வாரம் தர்றேன்.”

“அதுக்கு மேல ஆச்சுன்னா?”

டாக்டர் செண்பகத்தின் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு நேர் எதிர்மா. நீங்க ஏறக்கூடாது. இப்ப ஐம்பத்திரண்டரை. ஒரு வாரத்துல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, வயித்துல தண்ணி. அன்னைக்கே போன் பண்ணணும். தண்ணி சேர்ந்து அதுல கிருமி பட்டுட்டா அப்புறம் ஆபரேஷன் பேச்சே கிடையாது.”

“சரி டாக்டர்.”

“நல்ல மிஷினா வாங்குங்க. இத்தனை தூரம் உங்களை வாராவாரம் வரச்சொல்ல முடியாது. நான் உங்களைப் பாக்கப்போறதில்ல. அது சொல்ற எண்ணைத்தான் பாப்பேன்.”

“அதை எங்கிட்ட விட்டுருங்க டாக்டர்,” என்றார் உலகநாதன். அந்த அறையில் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்துவிட்ட நிம்மதி அவருக்கு.

வெளியே வந்ததும் செண்பகம் சிரித்தாள். “ஊர்த் தராசையெல்லாம் பிடிச்ச பாவம் அண்ணே, கடைசியில உன்னையே தட்டுல ஏத்திருச்சு.”

*

காலை ஆறரைக்குப் போன் அடிக்கும். இருவரும் வெறும் வயிற்றில் ஏறி இறங்கிவிட்டு எண்ணைப் பரிமாறிக்கொள்வார்கள்.

“எண்பத்தாறு ரெண்டு.”

“ஐம்பத்திரண்டு நாலு.”

“சாப்பிட்டியா?”

“இப்பத்தானே எந்திரிச்சேன். நீ சாப்பிடாத.”

உலகநாதன் சோற்றை விட்டார். இட்லி இரண்டோடு நிறுத்தினார். விடிந்ததும் கதிரேசன் மலைவரை நடந்துபோய்த் திரும்பினார். ஊரே மணக்க மணக்கக் கடலைமிட்டாய் காய்ச்சுகிற ஊரில், கடைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார். ஒரு நோட்டில் தேதி, எடை, தின்றது, நடந்தது என்று நான்கு பத்தி போட்டு எழுதினார். முதல் நான்கு வாரத்தில் நாலரைக் கிலோ இறங்கியது. ஐந்தாவது வாரம் உடம்பு பிடிவாதம் பிடிக்கும், எண் அசையாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. எண் ஒழுங்காக இறங்கிக்கொண்டே இருந்தது. மிஷின் மெல்லிய பெண்குரலில், “அருமை. திட்டத்துக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறீர்கள்,” என்றது.

எட்டாவது வாரத்தில் மனைவி பூரணம் கேட்டாள்.

“ஏங்க, ஒம்பது கிலோ கொறைஞ்சிருக்குங்கீக. பெல்ட்டை ஒரு மாசமா அதே ஓட்டையிலதான போடுதீக?”

“பெல்ட்டு தோலு. வெயில்ல சுருங்கும், மழையில நீளும். அதுக்கு முத்திரை கிடையாது.”

“எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு. அதுக்கும் முத்திரை கிடையாதோ?”

அவர் சிரித்தார். அன்று எண் திட்டத்தைவிட எண்ணூறு கிராம் முன்னால் இருந்தது. சாயங்காலம் பூரணம் தட்டில் மூன்று இட்லி வைத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வாரம் ஒருநாள் மழையென்று நடக்கப் போகவில்லை. ஒரு துண்டு கடலைமிட்டாயும் தின்றார். மறுநாள் பயந்துகொண்டே ஏறினார். முந்நூறு கிராம் குறைந்திருந்தது. உடம்புக்கு வழி பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது வாரம் ஒருநாள் போனில் செண்பகம் சொன்னாள். “மெட்டியைக் கழட்டி வச்சிட்டேன் அண்ணே. விரல்ல இறுகிக்கிடுச்சு. சோப்பு போட்டுத்தான் எடுத்தேன்.”

“எடை என்ன?”

“ஐம்பத்திரண்டு நாலு. ஆணி அடிச்ச மாதிரி.”

“அப்ப வெக்கைதான். பங்குனி வெயில்ல எல்லாருக்கும் கால் வீங்கும்.”

“அப்படித்தான் நானும் நெனச்சேன். ஜாக்கெட்டுகூடக் கையில தொளதொளங்குது. ஆளு வத்திட்டேன்னு இவரு சொல்லுதாரு.”

“வத்தினா இறங்கணும், வீங்கினா ஏறணும். ரெண்டும் இல்ல. நீ வீணா மனசைப் போட்டு உழப்பாத தாயி.”

நோட்டில் அவளுக்கும் ஒரு பத்தி வைத்திருந்தார். அதில் 52.4 என்று எழுதினார். அதற்கு மேலேயும் 52.4. அதற்கு மேலேயும் அதுவே. நாற்பது நாளாக நேர்க்கோடு போல ஒரே எண். எந்தக் கடைக்காரனாவது இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் தராசு சார் அவனை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பார்.

*

பதினோராவது வாரக் கடைசியில் மதுரைக்குத் தனியாகத்தான் போனார். ஆபரேஷன் தேதி ஒதுக்கியாகிவிட்டது, பத்து நாள் இருக்கிறது. கொடுக்கிறவருக்குக் கடைசிப் பரிசோதனை. செண்பகத்தின் எடை நிலையாக இருப்பதால் அவளை அலைக்கழிக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியே சொல்லியிருந்தது. அன்று காலை வீட்டு மிஷின் அவருக்கு 76.8 காட்டியிருந்தது.

ஆஸ்பத்திரித் தராசு பழைய மாதிரி. பேசாது. நர்ஸ் ஏறச் சொன்னாள். 83.9.

“சட்டைப்பையில ஏதாவது இருக்கா சார்?”

பையில் கைக்குட்டை இருந்தது. எடுத்து வைத்தார். 83.9.

“இந்தத் தராசுக்கு முத்திரை எப்ப வச்சாங்க?” என்று கேட்டார். நர்ஸ் பக்கவாட்டைக் காட்டினாள். இந்த வருஷ முத்திரை. மதுரை ஆய்வாளரின் எண் அவருக்கு மனப்பாடம். அந்த ஆள் சோம்பேறி அல்ல.

ஸ்கேனில் கொழுப்பு பத்தொன்பது சதவீதம். டாக்டர் மும்தாஜ் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு எழுபத்தாறு எட்டுன்னு வந்திருக்கு சார். அதை நம்பித்தான் ஆபரேஷன் தியேட்டர் தேதி வாங்கினேன்.”

“மிஷின் சரியானது டாக்டர். நானே சோதிச்சு வாங்கினது.”

“அப்ப எது தப்பு?”

உலகநாதன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அந்தத் தேதி வேறொரு நோயாளிக்குப் போய்விடும் என்றும், இனி ஆறு வாரமாவது ஆகும் என்றும், செண்பகத்தின் எண் இப்படியே நின்றால் அதுவரை தாங்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். கடைசியாகச் சொன்னதை அவர் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. ஜெபராஜைக் கற்களோடு வரச்சொன்னார். அறுபதை ஏற்றினார்கள். அறுபது. மூலைக்கு மூலை வைத்தார்கள். அறுபது.

“மிஷின் சுத்தம் சார்,” என்றார் ஜெபராஜ்.

உலகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். 76.8.

அப்படியே நின்றுகொண்டு கையை நீட்டினார். “அந்த அஞ்சு கிலோவை எடும்.”

“சார்?”

“எடுத்துக் கையில குடும் ஓய்.”

ஜெபராஜ் கொடுத்தார். ஒருமுறை இறங்கி, கல்லோடு ஏறினார் உலகநாதன். எண்கள் ஓடி நின்றன. 76.7.

கையில் ஐந்து கிலோ இரும்பை வைத்திருந்த மனிதனுக்கு நூறு கிராம் குறைந்திருந்தது. “அருமை,” என்றது மிஷின். “இலக்கைத் தாண்டிவிட்டீர்கள்.”

ஜெபராஜ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். பூரணம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டைப் பற்றி அவள் அன்றைக்கோ பிறகோ ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

*

கம்பெனியின் உதவி எண்ணில் சென்னையிலிருந்து ஹரிணி என்ற இளம் பொறியாளர் பேசினாள். நல்ல பெண். பொறுமையாகக் கேட்டாள்.

“மிஷின்ல பழுது இல்லை சார். நீங்க ஊக்க முறையில இருக்கீங்க. வாங்கும்போது இலக்கு கேட்டிருக்கும், நீங்க எழுபத்தேழுன்னு சொல்லியிருக்கீங்க. இலக்கு சொன்னாலே ஊக்க எண் வந்துடும்.”

“ஊக்க எண்ணுன்னா?”

“எடை குறைக்கிறவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் அஞ்சாவது வாரம் விட்டுடறாங்க சார். உடம்பு நின்னுடும், எண் அசையாது, மனசு உடைஞ்சுடும். அதனால மிஷின் அந்த இடத்துல எண்ணை நிக்க விடாது. நீங்க போகவேண்டிய பாதையில என்ன எண் வரணுமோ அதைக் காட்டும். பின்னாடி உடம்பு வந்து சேர்ந்துக்கும். நிறைய பேருக்குச் சேர்ந்திருக்கு சார், நிஜமாவே. நீங்களும் நாலு கிலோ குறைச்சிருக்கீங்கல்ல? பொய் சொல்லலேன்னா...” அவள் அந்த வார்த்தையைத் திருத்திக்கொண்டாள். “ஊக்கம் இல்லேன்னா அதுவும் போயிருக்கும்.”

“நான் கல்லு ஏத்திச் சோதிச்சேனே.”

“உள்ளங்கால் தோல் பட்டு, நாடி துடிச்சாத்தான் சார் ஊக்க எண். மூட்டை, பெட்டி, இரும்பு வச்சா நேரடி எடை. அப்படி இல்லேன்னா முத்திரைச் சோதனையில தேறாதே.”

உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். எட்டயபுரத்துத் தையல் கடையும் அந்த மஞ்சள் டேப்பும் வந்து நின்றன.

“இந்த எண்ணு ஆஸ்பத்திரிக்குப் போவுதேம்மா.”

“அது நீங்க அனுமதி கொடுத்ததால சார். நாலாவது பக்கத்துல...” அவள் எதையோ தட்டிப் பார்த்தாள். “உங்க பேர்ல இன்னொரு மிஷினும் இருக்கே. சங்கரன்கோவில். அதையும் நேரடி எடைக்கு மாத்திடவா?”

உலகநாதன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அதுல என்ன இலக்கு போட்ருக்கு?”

“நிலையா இருக்கணும், ஏறக்கூடாதுன்னு... ஐம்பத்திரண்டு புள்ளி நாலு. யாரு சார் அவங்க?”

“என் தங்கச்சி. கல்லீரல் நோயாளி. எடை ஏறுனா வயித்துல தண்ணி. ஏறுதான்னு பாக்கத்தான் வாங்கிக் குடுத்தேன்.”

அந்தப் பக்கம் விசைப்பலகை ஓசை நின்றுபோனது.

“அம்மா, உண்மை எடை அதுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். உள்ளே இருக்கும். காட்டாது.”

“இன்னைக்கு என்ன?”

“சொல்ல எனக்கு அனுமதி இல்லை சார்.” பிறகு குரல் மாறிச் சொன்னாள். “சார், நீங்க உடனே கிளம்புங்க.”

*

ஜெபராஜின் மருமகன் காரில் போனார்கள். போகிற வழியில் போன் போட்டார். நாலைந்து முறைக்குப் பிறகு எடுத்தாள். தூங்கி எழுந்தவள் போல இருந்தது குரல்.

“லேசாக் காய்ச்சல் அண்ணே. ரெண்டு நாளா வயித்துல ஒரு வலி.”

“ஏன் தாயி சொல்லல?”

“வயிறு உப்பினாலும் எடை சரியாத்தான இருக்கு. ஆபரேஷன் நெருங்குத நேரத்துல எதுக்கு... மதுரை போனியே, என்ன சொன்னாக?”

“வந்து சொல்லுதேன். நீ படுத்திரு.”

வெயில் சாயும் முன்னே சங்கரன்கோவில் வந்துவிட்டது. செண்பகம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தோளும் கையும் குச்சி. கன்னம் ஒட்டியிருந்தது. போர்வைக்கு அடியில் வயிறு மட்டும் நிறைமாதக்காரி போல. அண்ணனைப் பார்த்ததும் போர்வையை மேலே இழுத்துக்கொண்டாள்.

“நீ வத்தவே இல்லையே அண்ணே,” என்றாள். “எழுபத்தாறுன்ன?”

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் டாக்டர் மும்தாஜ் போனில் முதலில் கேட்டது எடையைத்தான். எதிரே அரிசிக்கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. உலகநாதனும் கோபாலும் அவளை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போய் ஏற்றினார்கள். நாற்காலியைத் தனியாக நிறுத்துக் கழித்தார்கள். அறுபது கிலோ தொள்ளாயிரம். அந்தத் தராசில் இருந்த முத்திரை உலகநாதனே வைத்தது.

“மூட்டை மாதிரி ஆயிட்டேன்,” என்றாள் செண்பகம், கடைக்காரரைப் பார்த்து. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மதுரையில் வயிற்றிலிருந்து எடுத்த நீர் கலங்கலாக இருந்தது. கிருமி ரத்தத்தில் போய்விட்டது என்றார் டாக்டர். நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்கு உலகநாதனின் போன் அடிக்கவில்லை. அவர் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் ஆபீஸுக்கு வந்தார். சங்கரன்கோவில் வீட்டிலிருந்த மிஷினை மேஜைமேல் வைத்தார். புகார் தருபவர், ஆய்வு செய்பவர் இருவரும் தாமே என்பதால் அறிக்கையைத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலுக்கு அனுப்புவதாக முதல் வரியிலேயே எழுதினார். பிறகு அச்சிட்ட படிவத்தை எடுத்தார்.

படிவத்தில் ‘பயன்படுத்திய எடைக்கல்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இருபத்தாறு வருஷமாக அதில் அவர் கிலோவும் கல்லின் வரிசை எண்ணும்தான் எழுதியிருக்கிறார். இப்போது நிறுத்தி நிதானமாக எழுதினார்: செண்பகவல்லி, வயது 44.

உண்மை எடை: 60.9 கிலோ. கருவி காட்டியது: 52.4 கிலோ. பிழை: 8.5 கிலோ. முடிவு: நிராகரிக்கப்பட்டது.

ஜெபராஜ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“சார், கல்லு எழுத வேண்டிய எடத்துல ஆளை எழுதினா மேல ஏத்துக்கிட மாட்டாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“அனுப்பும் ஓய்.”

கூடவே நான்கு பக்கக் கடிதம். ஹரிணி சொன்னது, ஐந்து கிலோக் கல்லைக் கையில் வைத்து நின்றது, ஒன்பதாம் வாரத்தில் கழற்றிய மெட்டி, அதற்குத் தான் சொன்ன பதில், எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த புகாரைத் தான் எப்படி முடித்தோம் என்பதையும் மறைக்கவில்லை. மாநிலம் முழுக்க இந்த மிஷின் எத்தனை வீட்டில் இருக்கும், அதில் எத்தனை பேர் எடை ஏறக்கூடாத நோயாளிகள் என்று கணக்கெடுக்க வேண்டினார்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஜெபராஜ் உறையைக் கிழித்துக் கையில் கொடுத்தார். ஒரே பக்கம்.

மனித உடலை எடைக்கல்லாகக் கொள்ள விதியில் இடமில்லை என்பதால் அறிக்கை ஏற்கப்படவில்லை. கருவி மறு ஆய்வு செய்யப்பட்டது. அதற்குக் கீழே:

‘மேற்படி கருவி, அங்கீகரிக்கப்பட்ட எடைக்கற்களைக் கொண்டு நான்கு மூலைகளிலும், நடுவிலும் சோதிக்கப்பட்டதில், குறை ஏதும் காணப்படவில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’

உலகநாதன் இரண்டு முறை படித்தார். ‘நடுவிலும்’ என்று வேறு யாரும் எழுத மாட்டார்கள். காற்புள்ளி உட்பட அது அவருடைய வாக்கியம்.

“என்ன சார் போட்ருக்கு?” என்றார் ஜெபராஜ்.

“நல்லா எழுதியிருக்காங்க.” கடிதத்தை மடித்தார். “எட்டயபுரம் ஃபைலை எடும். அந்த டெய்லர் அம்மா விலாசம் வேணும்.”

ஜெபராஜ் தேடி எடுத்துவந்து வைத்தார். உலகநாதன் அரசாங்கத் தாளை ஒதுக்கிவிட்டுத் தன் நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்தார். அதன் மறுபக்கம் ஐம்பத்திரண்டு நாலு, ஐம்பத்திரண்டு நாலு என்று வரிசையாக இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்து, மேலே தேதி போட்டு, விலாசம் எழுதி, ஆரம்பித்தார்.

‘அம்மா, உங்கள் டேப் சரியாகத்தான் இருந்தது.’

அதற்கு அடுத்த வரிக்காக அவர் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.